சிறுநீரகத்தில் உப்பும் பொட்டாசியமும்: ஹார்மோன்களின் வேலையைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாலும் 'எலக்ட்ரோலைட்ஸ்' என்று எழுதிக் கொடுத்தால் நான்கு எண்கள் வரும்: சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட். நர்சிங், லேப் டெக்னீஷியன் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் உடலியங்கியல் நடத்துகிறேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் யாருக்காவது எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். கேள்வி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "மிஸ், அப்பா கருவாடு, ஊறுகாய்னு எல்லாம் சாப்பிடுறார், பிரஷர் 160 இருக்கு. ஆனா சோடியம் 140தான் வந்திருக்கு, நார்மல்னு போட்டிருக்கே?" இது ஒன்று. "பிரஷர் மாத்திரை போடுற ஆயாவுக்கு இளநீர் கொடுக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஏன் மிஸ்?" இது இன்னொன்று.

இரண்டுக்கும் பதில் சிறுநீரகத்தின் ஒரே மூலையில் இருக்கிறது. உப்பைத் தனியாகவும் பொட்டாசியத்தைத் தனியாகவும் படித்தால் அந்தப் பதில் பிடிபடாது. இரண்டும் ஒன்றையொன்று கடந்து போகும் இடத்தைப் பார்த்துவிட்டால் ஹார்மோன்களின் வேலை, மாத்திரைகளின் வேலை, ரிப்போர்ட்டின் எண்கள் எல்லாம் தாமாகவே விளங்கத் தொடங்கும். அந்த இடத்துக்கு உங்களை அழைத்துப் போவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. படிகளை வரிசை மாற்றாமல் படியுங்கள்.

படி 1: முதலில் அளவுகள்

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. உடலில் இருக்கும் பிளாஸ்மா, அதாவது செல்களை நீக்கிய ரத்தத்தின் நீர்ப்பகுதி, மொத்தமே சுமார் 3 லிட்டர். ஆக, அதே 3 லிட்டர் ஒரு நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது. அதில் லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் இருக்கிறது (மில்லிமோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). பெருக்கினால் 25,000 மில்லிமோலுக்குச் சற்று மேல். சமையல் உப்பாக மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ!

ஒன்றரைக் கிலோ உப்பை வடிகட்டி வெளியே எடுத்து, அதில் 99 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்தில் சேர்ப்பதுதான் சிறுநீரகத்தின் தினசரி வேலை. இதில் 1 சதவீதம் தவறினாலும் 15 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு ஒருவர் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதோடு ஒப்பிட்டால் அந்த 1 சதவீதம் எவ்வளவு பெரிது என்று தெரியும். ஹார்மோன்கள் காவல் காப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சில சதவீதத்தைத்தான்.

பொட்டாசியத்தின் கதை வேறு. உடலில் உள்ள சுமார் 3,500 மில்லிமோலில் 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் சேர்த்து 60, 70 மில்லிமோல்தான். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். அது 2.5 ஆனாலும் 7 ஆனாலும் இதயத் துடிப்பே ஆபத்தில் சிக்கும். சோடியம் நிறைய இருப்பதால் அதை மீட்பது பெரிய வேலை. பொட்டாசியம் வெளியே கொஞ்சமாக இருப்பதால் அதை நூலிழை பிசகாமல் வைத்திருப்பது பெரிய வேலை.

இப்போது அந்த 140 விஷயம். ரிப்போர்ட்டில் வரும் சோடியம் அளவல்ல, அடர்த்தி. அப்பா உப்பு அதிகமாகச் சாப்பிட்டால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பார், வாசோபிரசின் என்ற ஹார்மோன் அந்தத் தண்ணீரைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைக்கும். அடர்த்தி திரும்பவும் 140-க்கு வந்துவிடும். கூடியிருப்பது உடலில் உள்ள உப்புநீரின் மொத்த அளவு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் உப்பு. அதாவது 9 கிராம் உப்பு உடலில் தங்கினால் அதனுடன் 1 லிட்டர் தண்ணீரும் தங்கும். அது எடையிலும் காலிலும் பிரஷரிலும் தெரியும், சோடியம் எண்ணில் தெரியாது. ஆகவே உப்பின் அளவைச் சொல்வது பிரஷரும் வீக்கமும். சோடியம் எண் சொல்வது தண்ணீரின் கணக்கை. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 2: குழாயின் பாதை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றும் ஒரு வடிகட்டியும் அதைத் தொடர்ந்து வரும் நீண்ட நுண்குழலும். குழலை நான்கு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதல் துண்டான அண்மைச் சுருள்குழல், வடிகட்டிய சோடியத்திலும் பொட்டாசியத்திலும் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிடுகிறது. அடுத்து ஹென்லே வளையம். அதன் ஏறும் தடித்த பகுதி சோடியத்தில் இன்னொரு 25 சதவீதத்தையும், பொட்டாசியத்தில் ஏறத்தாழ அதே அளவையும் எடுக்கும். லாசிக்ஸ் என்று நாம் சொல்லும் ஃபியூரோசமைடு மாத்திரை வேலை செய்வது இங்கேதான். மூன்றாவது சேய்மைச் சுருள்குழல். 5, 6 சதவீதம் சோடியத்தை எடுக்கும். நான்காவது, அதன் வால்பகுதியும் சேகரிப்புக் குழலும். இங்கே வரும்போது வடிகட்டிய சோடியத்தில் மீதி இருப்பது சில சதவீதம். வடிகட்டிய பொட்டாசியத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ரத்தத்துக்குத் திரும்பிப் போயிருக்கும்.

அப்படியானால் சிறுநீரில் வரும் பொட்டாசியம் எங்கிருந்து வந்தது? நான்காவது துண்டின் செல்கள் அதைப் புதிதாகக் குழலுக்குள் தள்ளுகின்றன. சாப்பாட்டில் வரும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுவது முக்கியமாக இந்த வழியில்தான். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது துண்டுகளுக்குத் திரும்பி வருவோம்.

படி 3: எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் பம்ப்

நுண்குழலின் ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முகம். ஒன்று குழலின் உள்ளே, சிறுநீரைப் பார்த்தபடி. மற்றொன்று ரத்தத்தைப் பார்த்தபடி. ரத்தத்தைப் பார்க்கும் முகத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே அனுப்பி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதற்குச் செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாகும். மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடினால்தான் வீட்டில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும் இல்லையா, அதுபோல இந்தப் பம்ப் ஓடுவதால்தான் செல்லுக்குள் சோடியம் குறைவாக இருக்கிறது. அந்தக் குறைவை நோக்கித்தான் சிறுநீரில் உள்ள சோடியம் செல்லுக்குள் பாய்கிறது.

இந்தப் பம்பை டென்மார்க்கின் ஜென்ஸ் கிறிஸ்தியன் ஸ்கௌ 1957-ல் கண்டறிந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் நண்டின் கால் நரம்பு. காசிமேட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அந்த வேலைக்காக அவருக்கு 1997-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பம்ப் எல்லாத் துண்டிலும் ஒன்றுதான். சிறுநீரைப் பார்க்கும் முகத்தில் இருக்கும் வழிகள்தான் துண்டுக்குத் துண்டு மாறும். ஹார்மோன்கள் முக்கியமாகக் கைவைப்பது அந்த வழிகளில்.

படி 4: ரெனினில் தொடங்கும் சங்கிலி

1898-ல் ராபர்ட் டைகர்ஸ்டெட்டும் பேர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தியபோது பிரஷர் ஏறியதைக் கண்டார்கள். அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். வடிகட்டிக்குள் நுழையும் குட்டித் தமனியின் சுவரில் உள்ள செல்கள் அதைச் சுரக்கின்றன.

எப்போது சுரக்கும்? அந்தத் தமனியில் அழுத்தம் குறைந்தால் சுரக்கும். குழலில் வரும் உப்பு குறைந்துவிட்டது என்று வடிகட்டியை ஒட்டியுள்ள மேக்குலா டென்சா செல்கள் உணர்ந்தாலும் சுரக்கும். மூளையிலிருந்து வரும் பரிவு நரம்பு தூண்டினாலும் சுரக்கும். மூன்றும் சொல்வது ஒரே செய்திதான்: உடலில் உப்புநீர் குறைகிறது.

ரெனின், கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் ஆஞ்சியோடென்சினோஜனை வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்குகிறது. நுரையீரல் ரத்தக் குழாய்களில் அதிகமாக உள்ள ஏசிஇ என்ற நொதி அதை மேலும் வெட்டி ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. ராமிப்ரில், எனலாப்ரில் மாத்திரைகள் இந்த வெட்டைத் தடுக்கின்றன. லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் மாத்திரைகள் ஆஞ்சியோடென்சின் 2 போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடுகின்றன.

ஆஞ்சியோடென்சின் 2 ரத்தக் குழாய்களைச் சுருக்கும், தாகத்தைத் தூண்டும். முதல் துண்டில் சோடியம் மீட்பைக் கூட்டும். மூன்றாவது துண்டில் சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்து இழுக்கும் என்சிசி என்ற கடத்தியையும் முடுக்கிவிடும். அப்புறம் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போய் அல்டோஸ்டீரோனைச் சுரக்கச் சொல்லும். என்சிசி என்ற பெயரை மறக்காதீர்கள். படி 6 முழுவதும் அதைச் சுற்றித்தான்.

படி 5: அல்டோஸ்டீரோன் ஒரு செல்லுக்குள் என்ன செய்கிறது

அல்டோஸ்டீரோனை 1953-ல் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் பிரித்தெடுத்தார்கள். அட்ரினல் சுரப்பியின் வெளிப்புற அடுக்கு அதைச் சுரக்கிறது. இரண்டு காரணங்களுக்காகச் சுரக்கும். ஒன்று, மேலே சொன்ன ஆஞ்சியோடென்சின் 2. இன்னொன்று, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது. பொட்டாசியம் கொஞ்சம் ஏறினாலே அந்தச் செல்கள் அதை நேரடியாக உணர்ந்துகொள்கின்றன. ரெனின் தேவையே இல்லை.

இப்போது நான்காவது துண்டின் முதன்மைச் செல் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். சிறுநீரைப் பார்க்கும் முகத்தில் ஈனாக் என்ற சோடியம் சேனல். அதே முகத்தில் ரோம்க் என்ற பொட்டாசியம் சேனல். ஈனாக் சேனல்கள் அந்த முகத்தில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. நெட்4-2 என்ற புரதம் அவற்றின் மேல் அடையாளம் குத்தும். அடையாளம் விழுந்த சேனல் செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படும்.

அல்டோஸ்டீரோன் ஸ்டீராய்டு வகை ஹார்மோன். செல்சவ்வில் கரைந்து கடந்து உள்ளே போகும். அங்கே அது ஒட்டும் புரதமான மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களைத் தூண்டும். ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே எஸ்ஜிகே1 என்ற நொதி உருவாகத் தொடங்குகிறது. அது நெட்4-2-வின் கையைக் கட்டிப்போடும். ஈனாக் சேனல்கள் சிதையாமல் மேற்பரப்பில் தங்கிவிடும். அவற்றின் வழியே சோடியம் உள்ளே கொட்டும். அடுத்த பல மணி நேரத்தில் புதிய ஈனாக், புதிய பம்ப் எல்லாம் தயாராகி வரும்.

இங்கேதான் உப்பும் பொட்டாசியமும் ஒன்றையொன்று கடக்கின்றன. சோடியம் நேர்மின்னூட்டம் உடையது. அது குழலைவிட்டுச் செல்லுக்குள் போகும்போது குழலின் உட்புறம் எதிர்மின் பக்கம் சாயும். அந்த எதிர்மின்னூட்டம் செல்லுக்குள் நிரம்பியிருக்கும் பொட்டாசியத்தை ரோம்க் வழியே குழலுக்குள் இழுக்கும். ஆகவே நான்காவது துண்டில் பொட்டாசியம் வெளியேற வேண்டுமானால் மூன்று சேர வேண்டும்: அல்டோஸ்டீரோன் இருக்க வேண்டும், அங்கே வந்து சேர சோடியம் இருக்க வேண்டும், குழலில் நீரோட்டமும் இருக்க வேண்டும். ஓட்டம் வேகமானால் பெரிய பொட்டாசியம் சேனல்கள் என்று சொல்லப்படும் வேறொரு வகையும் திறந்துகொள்ளும்.

பக்கத்திலிருக்கும் இடைச்செல்களையும் அல்டோஸ்டீரோன் தூண்டி அமிலத்தை வெளியேற்றச் செய்கிறது. அமிலம் போனால் காரமான பைகார்பனேட் ரத்தத்தில் கூடும். அதனால்தான் அல்டோஸ்டீரோன் அளவுக்கு மீறியவர்களின் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் குறைவதோடு பைகார்பனேட்டும் ஏறியிருக்கும். நாலாவது எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கப் பழகுங்கள்.

படி 6: ஒரே ஹார்மோன், இரண்டு உத்தரவு

இதுவரை கவனமாகப் படித்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தே தீரும். உப்பு குறைந்தாலும் அல்டோஸ்டீரோன், பொட்டாசியம் கூடினாலும் அல்டோஸ்டீரோன். அப்படியானால் உப்பு குறைந்த ஒருவர் அல்டோஸ்டீரோன் ஏறியதால் பொட்டாசியத்தையும் இழந்துவிட மாட்டாரா? பொட்டாசியம் நிறையச் சாப்பிட்டவர் உப்பைப் பிடித்துவைத்துப் பிரஷர் ஏறி நிற்க மாட்டாரா? உடலியங்கியலில் இதற்கு 'அல்டோஸ்டீரோன் முரண்' என்றே பெயர். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

அக்னி நட்சத்திர வெயிலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். உடலில் உப்புநீர் குறைந்ததால் ரெனின் ஏறும், ஆஞ்சியோடென்சின் 2 ஏறும், அல்டோஸ்டீரோனும் ஏறும். ஆனால் ஆஞ்சியோடென்சின் 2 மூன்றாவது துண்டின் என்சிசியை முடுக்கிவிட்டிருக்கிறது; முதல் துண்டும் வழக்கத்தைவிட அதிகமாக மீட்டுக்கொண்டது. நான்காவது துண்டுக்கு வந்து சேரும் சோடியமும் நீரும் மிகக் குறைவு. அல்டோஸ்டீரோன் எவ்வளவு இருந்தாலும் பொட்டாசியத்தை இழுக்கப் போதுமான சோடியப் பாய்ச்சல் அங்கே இல்லை. உப்பு காப்பாற்றப்படுகிறது, பொட்டாசியமும் தங்கிவிடுகிறது. இதே அல்டோஸ்டீரோன் அவருடைய வியர்வைச் சுரப்பிகளிலும் வேலை செய்கிறது. வெயிலுக்குப் பழகிய உடம்பின் வியர்வையில் உப்பு குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அதே மனிதர் நிழலில் ஓய்வாக இருக்கும் ஒரு நாள். மதியம் முருங்கைக்கீரையும் பருப்பும், மாலையில் ஒரு வாழைப்பழமும் இளநீரும். பொட்டாசியம் ஏறுகிறது, அல்டோஸ்டீரோனும் ஏறுகிறது. உப்புநீர் குறையவில்லை, எனவே ஆஞ்சியோடென்சின் 2 அமைதியாக இருக்கிறது. இதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது: ரத்தத்தில் ஏறிய பொட்டாசியத்தை மூன்றாவது துண்டின் செல்களே நேரடியாக உணர்கின்றன. அவற்றின் மின்னழுத்தம் மாறுகிறது, செல்லுக்குள் குளோரைடு கூடுகிறது, குளோரைடு கூடினால் டபிள்யூஎன்கே என்ற நொதிக் குடும்பம் அடங்கிவிடும், அது அடங்கினால் என்சிசி அணைந்துவிடும். எலிகளுக்கு வாய்வழியே பொட்டாசியம் கொடுத்தால் அரை மணி நேரத்துக்குள் என்சிசி அணைவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். மூன்றாவது துண்டு எடுக்காமல் விட்ட சோடியம் நான்காவது துண்டுக்கு வந்து சேர்கிறது. அல்டோஸ்டீரோன் ஏற்கெனவே அங்கே ஈனாக்கைத் தயாராக வைத்திருக்கிறது. பொட்டாசியம் வெளியே போகிறது, கொஞ்சம் உப்பும் கூடவே போகிறது.

ஆக, உத்தரவைப் பிரிப்பது மூன்றாவது துண்டு. என்சிசி எரிந்தால் உப்பைக் காப்பாற்று என்று பொருள். அணைந்தால் பொட்டாசியத்தை வெளியேற்று. டபிள்யூஎன்கே நொதிகளின் முக்கியத்துவம் 2001-ல் தெரியவந்தது. பரம்பரையாக உயர் ரத்த அழுத்தமும் உயர் பொட்டாசியமும் வரும் கோர்டன் நோய்க்குறி உள்ள குடும்பங்களில் இந்த மரபணுக்கள் பிறழ்ந்திருப்பதை ரிச்சர்ட் லிஃப்டனின் குழு கண்டுபிடித்தது. அவர்களிடம் என்சிசி அணையவே மாட்டேன் என்கிறது. உப்பும் தங்கும், பொட்டாசியமும் தங்கும். என்சிசியைத் தடுக்கும் தயசைடு வகை நீர் மாத்திரை கொடுத்தால் இரண்டும் சரியாகும்.

இந்தச் செய்தி நம் சாப்பாட்டுத் தட்டுக்கு நேராக வந்து சேர்கிறது. பொட்டாசியம் குறைந்தால் மேலே சொன்னதெல்லாம் தலைகீழாக நடக்கும்: என்சிசி எரிந்துகொண்டே இருக்கும், உப்பு ஏற்கெனவே அதிகமாக இருந்தாலும்கூட. பளபளவென்று தீட்டிய அரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், காய் என்று பெயருக்கு இரண்டு துண்டு. இந்தத் தட்டில் சோடியம் மிக அதிகம், பொட்டாசியம் மிகக் குறைவு. பொட்டாசியத்தைச் சேமிக்க வேண்டும் என்று சிறுநீரகம் என்சிசியை அணைக்காமல் வைத்திருக்கிறது; அதற்கு விலையாக உப்பையும் பிடித்துக்கொள்கிறது. அந்த அப்பாவின் 160-க்கு ஒரு காரணம் அவர் தின்ற கருவாடு, இன்னொரு காரணம் அவர் தின்னாத கீரை. இரண்டாவதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் பெரிய ஆதங்கம். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 3,510 மில்லிகிராமாவது பொட்டாசியம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீனக் கிராமங்களில் 20,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், சாதா உப்புக்குப் பதிலாக 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. யாருக்கு அந்த உப்பு ஆகவே ஆகாது என்பதைப் படி 10-ல் சொல்கிறேன். அதைப் படிக்காமல் கடைக்குப் போய்விடாதீர்கள்.

படி 7: எதிர்த் திசையில் இழுப்பவை

உப்பைப் பிடிக்கும் ஹார்மோன்கள் மட்டும் இருந்தால் நாம் ஊதிப்போவோம். 1981-ல் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறையிலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு எலிக்குச் செலுத்தியபோது அது சிறுநீரில் உப்பை அள்ளி வெளியேற்றியது. அந்தப் பொருள்தான் ஏஎன்பி. உப்புநீர் கூடி இதயத்தின் மேலறைகள் விரியும்போது அது சுரக்கிறது. ரெனினை அடக்கும், அல்டோஸ்டீரோனை அடக்கும், வடிகட்டலைக் கூட்டும், சேகரிப்புக் குழலில் சோடியம் மீட்பைக் குறைக்கும். முதல் துண்டின் செல்கள் தாங்களே தயாரித்துக்கொள்ளும் டோபமைனும் உப்பை வெளியேற்றும் பக்கம்தான்.

வாசோபிரசின் முக்கியமாகத் தண்ணீருக்கான ஹார்மோன். சேகரிப்புக் குழலில் தண்ணீர்ச் சேனல்களைத் திறக்கும், ஈனாக்கையும் ஓரளவு தூண்டும். படி 1-ல் அதன் வேலையைப் பார்த்துவிட்டோம்.

படி 8: சிறுநீரகத்துக்கு முன்பே வரும் இன்சுலின்

ஒரு வேளைச் சாப்பாட்டில் 40 மில்லிமோல் பொட்டாசியம் வருவது சாதாரணம். அது முழுவதும் செல்களுக்கு வெளியே உள்ள 14 லிட்டர் நீரிலேயே தங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் 4-லிருந்து 7-க்குத் தாவிவிடும். சிறுநீரகம் அதை வெளியேற்ற மணிக்கணக்கில் ஆகும். அதுவரை காப்பாற்றுவது இன்சுலின். சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின், தசை செல்களிலும் கல்லீரலிலும் சோடியம்-பொட்டாசியம் பம்பை முடுக்கிப் பொட்டாசியத்தை உள்ளே தள்ளிவிடும். உழைக்கும்போது அட்ரினலின் இதே வேலையைச் செய்கிறது. பொட்டாசியம் ஆபத்தாக ஏறி வருபவருக்கு அவசரப் பிரிவில் குளுக்கோஸுடன் இன்சுலினும், மூச்சில் சால்பூட்டமாலும் கொடுப்பது இதனால்தான். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கு இன்சுலினும் குறைவு, பலருக்கு ரெனினும் குறைவு. பொட்டாசியம் ஏறும் ஆபத்து அவர்களுக்கு இரட்டிப்பு.

படி 9: கார்ட்டிசோலும் அதிமதுரமும்

மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி அல்டோஸ்டீரோனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசோலும் அதே அளவு இறுக்கமாக அதில் ஒட்டும். ரத்தத்தில் கார்ட்டிசோல் அல்டோஸ்டீரோனைவிட நூறு மடங்குக்கும் அதிகம். அப்படியானால் ஏற்பி எப்போதும் கார்ட்டிசோலால் நிரம்பி, நாம் எல்லோரும் உப்பைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தடுப்பது முதன்மைச் செல்லுக்குள் காவல் இருக்கும் ஒரு நொதி. கார்ட்டிசோல் உள்ளே வந்தவுடன் அதை ஏற்பியில் ஒட்டாத கார்ட்டிசோனாக மாற்றிவிடும்.

அதிமதுரத்தில் உள்ள பொருள் இந்த நொதியை முடக்குகிறது. தொண்டைக் கட்டுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கி ஒரு துண்டைக் கடித்து அடக்கிக்கொள்வதால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாரக்கணக்கில் தினமும் கஷாயமாகக் குடித்தால் கார்ட்டிசோலே அல்டோஸ்டீரோன் வேலையைச் செய்யத் தொடங்கும்: பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கைகால் தசைகள் சோர்ந்துபோகும். ரத்தத்தில் அல்டோஸ்டீரோனைப் பார்த்தால் குறைவாகவே இருக்கும். பொட்டாசியம் குறைந்த ஒருவரிடம் மாத்திரைப் பட்டியலைக் கேட்பதோடு கஷாயம், லேகியம், பொடி எல்லாவற்றையும் கேளுங்கள்.

படி 10: இனி ரிப்போர்ட்டைப் படியுங்கள்

முதல் ரிப்போர்ட்: பிரஷர் அதிகம், பொட்டாசியம் 3.0, பைகார்பனேட் ஏறியிருக்கிறது. நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். ஃபியூரோசமைடோ தயசைடோ இரண்டாவது, மூன்றாவது துண்டுகளில் சோடியத்தைத் தடுத்து நான்காவதுக்கு அனுப்புகின்றன; அங்கே அது பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போகிறது. மாத்திரை எதுவும் இல்லையென்றால் அல்டோஸ்டீரோனையும் ரெனினையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். அல்டோஸ்டீரோன் ஏறி ரெனின் அடங்கியிருந்தால் அது ஜெரோம் கான் 1955-ல் விவரித்த நோய்: அட்ரினல் யாருடைய உத்தரவும் இல்லாமல் தானாகச் சுரக்கிறது. பொட்டாசியம் சரியாக இருப்பதாலேயே அந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காத ஒருவருக்கு இந்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. இதற்கான ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை அல்டோஸ்டீரோனின் ஏற்பியை அடைக்கிறது. மரபணு வழியே நடக்கும் வேலையைத் தடுப்பதால் முழுப் பலன் தெரிய நாட்களாகும்.

இரண்டாவது: பிரஷர் குறைவு, சோடியம் 126, பொட்டாசியம் 5.9, தோலும் ஈறும் கறுத்திருக்கின்றன, உப்பைத் தேடித் தின்கிறார். அட்ரினலே சுரக்கவில்லை. தாமஸ் அடிசன் 1855-ல் எழுதிய நோய். உடனே மருத்துவமனை.

மூன்றாவதுதான் நம் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது. 60 வயதைத் தாண்டிய அம்மா. சர்க்கரையும் உண்டு, சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கிறது, டெல்மிசார்ட்டான் போடுகிறார். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரையும் உண்டு. பொட்டாசியம் 5.8. படிகளைச் சேர்த்துப் பாருங்கள். டெல்மிசார்ட்டான் ஆஞ்சியோடென்சினைத் தடுத்து அல்டோஸ்டீரோனைக் குறைத்தது. வலி மாத்திரை, ரெனினைத் தூண்டிச் சிறுநீரக ரத்தக் குழாய்களை விரித்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின்களைக் குறைத்து ரெனினையும் குறைத்தது, சிறுநீரக ரத்த ஓட்டத்தையும் குறைத்தது. சர்க்கரையால் இன்சுலினின் உதவியும் பலவீனம். மிச்சமிருந்த வழிகளெல்லாம் குறுகிவிட்ட நேரத்தில் தினம் ஒரு இளநீர். 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம். ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு இது ஒன்றுமே இல்லை. இவருக்கு அதுவே அதிகம். ஆயாவுக்கு டாக்டர் இளநீர் வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டில் இருப்பதும் பொட்டாசியம் குளோரைடுதான். சிறுநீரகம் பழுதானவர்களும் இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. கீரை, உருளைக்கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும்.

இதற்காக டெல்மிசார்ட்டானை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுக்கும் மாத்திரையும் அதுவே. முதலில் நிறுத்த வேண்டியது கடையில் வாங்கிய வலி மாத்திரை. மாத்திரை தொடங்கிய பிறகும் அளவு கூட்டிய பிறகும் ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்துவிட வேண்டும். வாந்தி, பேதி, கடும் வெயிலில் உடம்பு வற்றிப்போதல் என்று வந்தால் பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தையே படுக்கவைத்துவிடும். அந்த நாட்களில் எதைத் தொடர்வது, எதை நிறுத்தி வைப்பது என்று அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள்.

லேபில் வேலைக்குப் போகப் போகிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பொட்டாசியம் எதிர்பாராமல் ஏறி வந்தால் மாதிரியைச் சந்தேகப்படுங்கள். பட்டையை இறுகக் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி ரத்தம் எடுத்தாலோ, ஊசியில் செல்கள் உடைந்தாலோ, குப்பி மணிக்கணக்கில் பிரிக்கப்படாமல் கிடந்தாலோ செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து எண் பொய்யாக ஏறும். பிளாஸ்மா சிவந்திருக்கிறதா பாருங்கள், திரும்ப எடுங்கள். அப்படித் திரும்ப எடுக்கும் நேரத்திலேயே ஈசிஜி ஒன்றும் எடுத்துவிட வேண்டும். எண் 6-ஐத் தாண்டியிருந்தாலோ ஈசிஜியில் டி அலைகள் கூராக உயர்ந்திருந்தாலோ மறு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல், எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு அந்த நிமிடமே போன் செய்யுங்கள்.